இத்தாலிக் கட்சி ஈஸ்வரி அக்கா

சிலமலையிலிருந்து போடிக்கு வரும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கார்த்திக் அண்ணனின் அழைப்பு வந்தது. நான் வேலை செய்யும் ஏலக்காய்க் கடை முதலாளியின் மகன் அவர். வேலை நேரத்துக்கு முன்னால் எனக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை.

"செல்வி, ஈஸ்வரி அக்கா போயிட்டாங்கம்மா."

"யார் சொன்னது?" என்று கேட்டேன். அழுகைக்கு முன்னால் அந்தக் கேள்விதான் வந்தது.

"அவங்க வீட்டுக்காரரே சொன்னாரு. விடியக்காலம் மூச்சு நின்னுருச்சாம்."

அதற்குமேல் சந்தேகப்பட எதுவும் இல்லை. நடத்துநர் சில்லறை கேட்டதும், பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்ததும் ஏதோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. எந்தச் செய்தி வந்தாலும் "யார் சொன்னது?" என்று முதலில் கேட்கும் பழக்கம் ஈஸ்வரி அக்காவிடமிருந்து எனக்குத் தொற்றியது. அன்று அது எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் கடையில் பல வருடங்களாகக் கணக்கு எழுதியவர். இடுக்கி மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் மலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுபவர். குள்ளமான உருவம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை மேஜையெல்லாம் தேடுவார். இத்தாலியக் கால்பந்துக்காக யாரோடும் சண்டைக்கு நிற்பார்.

கேரளத்தை ஒட்டிய அந்தத் தோட்டங்களில் கால்பந்து ஒன்றும் புதிதில்லை. உலகக் கோப்பை வந்தால் பையன்கள் பிரேசில் என்றும் அர்ஜென்டினா என்றும் பிரிந்து கொடி கட்டுவார்கள். தோட்டத்துக் கிளப்பில் இருந்த ஒரே டிவியின் முன்னால் சிறுமியான அக்காவும் போய் உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டு பக்கமும் பயலுக எடம் பிடிச்சிட்டானுக. யாருமே இல்லாத கட்சியா இத்தாலி கெடந்துச்சு. நான் போய் உக்காந்துக்கிட்டேன்" என்பார். உலகக் கோப்பை முடிந்து எல்லோரும் கொடியை அவிழ்த்த பிறகும் அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் காலம் வந்ததும் இத்தாலியின் கிளப் போட்டிகள் ஒன்றையும் விடமாட்டார்.

நான் கடையில் சேர்ந்தபோது எனக்குப் பேச்சே வராது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இன்றும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். கணினியில் பில் போடுவதோடு என் உலகம் முடிந்துவிடும். யாராவது கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கார்த்திக் அண்ணனும் ஈஸ்வரி அக்காவும் போடும் சத்தத்தைத் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். அண்ணன் கோயம்புத்தூரில் படித்தவர், இங்கிலாந்து அணிகளின் தீவிர ரசிகர்.

"இத்தாலி ஆட்டத்தப் போட்டா எங்க பாப்பா தாலாட்டு இல்லாம தூங்கிருதுக்கா" என்பார் அவர்.

"ஒங்க இங்கிலாந்து ஆட்டம், சாயங்காலம் மலையிலருந்து எறங்குற ஜீப்பு மாதிரி தம்பி. ஹாரன் சத்தந்தான் பெருசு. உள்ள உக்காந்திருக்கவனுக்கு உசுரு கையில இருக்காது."

"அப்ப இத்தாலி?"

"காய் பறிக்கிற மாதிரி. குனியணும். தூர்ல பாக்கணும். எது பழுத்துச்சோ அத மட்டும் எடுக்கணும், பிஞ்சுல கை வைக்கக் கூடாது. ஒரு கோலு போதும். மிச்ச நேரம் அதக் காப்பாத்துறதுதான் ஆட்டம்."

பின்கட்டில் காய்களைத் தரம் பிரிக்கும் பெண்களும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். ஐரோப்பாவில் கோடையிலும் ஜனவரியிலும் வீரர்களை ஒரு அணியிடமிருந்து இன்னொரு அணி விலைக்கு வாங்கும் பருவம் வரும். அந்த நாட்களில் யார் எங்கே போகிறார் என்று நாளுக்கு ஒரு வதந்தி. அக்கா சத்தமாக வாசிப்பார், உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் அக்கா கேட்பார்: "ஏன் ஈஸ்வரி, அந்தப் பயல விக்கிறாகளே, அவுக ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?" முறம் அதிரச் சிரிப்பார்கள்.

வதந்திகளை அக்கா லேசில் நம்பமாட்டார். "காய் ஏலத்துக்கு மொத நாளு டீக்கடையில ஒருத்தன், வடக்க காய்க்குக் கிராக்கி ஏறிருச்சாம்பான். விசாரிச்சுப் பாரு, அவன்கிட்ட மூட மூடயா காய் கெடக்கும். இதுவும் அப்படித்தான். யாரு சொன்னதுன்னு பாரு, சொன்னா அவனுக்கு என்ன கெடைக்கும்னு பாரு" என்பார்.

ஒருநாள் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, உனக்கு எந்தக் கட்சி?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "வேகமா ஆடுறது பிடிக்கும்க்கா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"அப்ப நீ இங்கிலாந்து. உக்காரு. நாளைக்கி வரும்போது ஏன்னு சொல்லணும்."

"அக்கா, எனக்கு உங்க கட்சியே போதும்க்கா."

"எனக்கு ஆளு வேணாம் தாயி. எதிர்க்க ஆளு வேணும். எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்து பேசுனா அது பஜன."

அப்படித்தான் நான் இங்கிலாந்து ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆட்டம் பார்த்தேன். திங்கட்கிழமை சொல்ல ஒரு வரியாவது தயார் செய்துகொண்டு போவேன். முதலில் ஒரு வரி, பிறகு இரண்டு. நான் பேசினால் அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். பிறகு இரக்கமே இல்லாமல் அதை அடித்து நொறுக்குவார். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் தவறென்று நிரூபிக்க அவ்வளவு பாடுபட்டது அதுவே முதல்முறை. எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

போன வருடக் கோடையில் அக்கா செவ்வாய்க்கிழமைகளில் விடுப்பு எடுக்க ஆரம்பித்தார். மதுரைக்குப் போவதாகக் கண்டக்டர் ஒருவர் மூலம் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. எங்கள் கடையைவிடப் பெரிய கடை ஒன்று அடுத்த தெருவில் இருக்கிறது. அவர்களுக்கு மதுரையில் கிளை உண்டு. யாரோ இரண்டையும் சேர்த்தார்கள். ஈஸ்வரி கடை மாறப் போகிறாள் என்று பேச்சு கிளம்பியது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அக்கா என்னைத் தனியாக அழைத்தார். வயிற்றில் கட்டி என்றும், மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள் என்றும், கடையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றும் சொன்னார்.

"எங்க போறேன்னு யாராவது கேட்டா, தெரியலன்னு சொல்லு. சொல்லும்போது லேசாச் சிரி. மிச்சத்த அவுகளே பாத்துக்கிருவாக."

"எதுக்குக்கா இப்படி? சொன்னா எல்லாரும் உதவியா இருப்பாங்கல்ல?"

"இருப்பாக. ஆனா மறுநாளையிலருந்து ஒருத்தரும் என்கூடச் சண்ட போட மாட்டாக. கார்த்திக் தம்பியே, ஆமாக்கா, இத்தாலிதான் ஒசத்தின்னு சொல்லும். அதக் கேட்டுக்கிட்டு நான் எதுக்கு இருக்கணும்?" பேருந்து வந்ததும் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார். "நீயும் விட்டுக் குடுத்துறாத. தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

நான் சரியென்று தலையாட்டினேன். மறுநாள் ஒருவர் கேட்டபோது, தெரியலையே என்று சொல்லி லேசாகச் சிரித்தேன்.

வதந்தி வளர்ந்தது. அக்காவே அதற்குத் தண்ணீர் ஊற்றினார். கார்த்திக் அண்ணன் உள்ளுக்குள் வருத்தப்பட்டாலும் கிண்டலை விடவில்லை.

"என்னக்கா, பேச்சுவார்த்தை எந்த அளவுல இருக்கு? கையெழுத்துப் போட்டாச்சா?"

"எங்க தம்பி, இன்னும் மெடிக்கல் டெஸ்டே முடியல. அது முடிஞ்சாத்தான கையெழுத்து?"

எல்லோரும் சிரித்தார்கள். வீரர்களை வாங்கும் முன் அணிகள் உடல் பரிசோதனை செய்வது வழக்கம் என்பது எங்கள் கடையில் பஞ்சவர்ணம் அக்காவுக்குக்கூட அப்போது தெரியும். நான் பில் போடும் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் சிரித்தார். தலைமுடி கொட்டிய பிறகு சேலை முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, "பெரிய கடைக்குப் போறவ மரியாதையா இருக்கணும்ல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சண்டை மட்டும் ஒருநாளும் குறையவில்லை. அவர் கேட்டது அதைத்தான். அது அவருக்கு மழைக்காலம் முழுக்கக் கிடைத்தது.

கார்த்திகை மாதத்தில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் கடைக்கு வந்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். அன்று முழுவதும் பின்கட்டில் காய் சலிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளே கார்த்திக் அண்ணன் பழங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் பேச வரல செல்வி. நீங்க சொன்னதுதான்க்கா சரி, இத்தாலிதான் பெரிய ஆட்டம்னு சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. என்ன தப்பாச் சொன்னேன்?"

அவர் ஒரு தப்பும் சொல்லவில்லை. அன்பினால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வீடு நிறைய உறவினர்கள். அக்கா கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. பழைய செல்வியாக, எழுந்து நிற்பவளாக, வாசற்படியிலேயே நின்றேன்.

"வந்துட்டியா?" என்றார். "என்ன சேதி?"

இத்தாலிய அணி ஒன்றின் இளம் தடுப்பாட்டக்காரனை லண்டன் அணி ஒன்று ஜனவரியில் வாங்கப் போவதாக அந்த வாரம் வதந்தி. அக்காவுக்கு மகனைப் போலப் பிடித்த பையன்.

"அந்தப் பையன் லண்டனுக்குப் போறான்க்கா."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாருமில்லன்னு அர்த்தம். அவன் போக மாட்டான்."

"போவான்க்கா." என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. "போகணும். உங்க ஊர்ல எட்டுப் பேர் பின்னால நின்னுக்கிட்டுப் பந்தத் தட்டிவிடுறாங்க. அதுல யார் நல்லா ஆடுறான்னு எப்படித் தெரியும்? இங்கிலாந்துல வந்து ஆடட்டும், அப்பத் தெரியும்."

அக்காவின் நாத்தனார் பதறிவிட்டார். "ஏ பிள்ள! முடியாம கெடக்குறவகிட்ட வந்து என்ன வம்பு பேசுற?"

"விடுங்க மதினி" என்றார் அக்கா. "பேசட்டும். தப்புத் தப்பாப் பேசுறா, ஆனா பேசட்டும்." முழங்கையை ஊன்றி மெல்லத் தலையைத் தூக்கினார். "நின்ன எடத்துல நிக்கிறதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு தெரியுமாடி உனக்கு? ஓடுறவனுக்குத் தெம்பே வேணாம், பயம் போதும்."

"போறவனை யாராலக்கா நிறுத்த முடியும்?" என்று வேகத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "சொன்னது சொன்னதுதான். மாத்தாத. மேல பேசு."

பேசினேன். மூச்சு வாங்க வாங்க அவரும் பேசினார். நடுவில் கணவர் வந்து இளநீர் கொடுத்தார்; இரண்டு மிடறு குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி நீ ஜெயிக்கல" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை அது.

அந்தக் காலைப் பேருந்திலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். துக்கத்துக்கு வந்தவர்களில் அந்தப் பெரிய கடையின் முதலாளியும் இருந்தார். மாலையை வைத்துவிட்டு, கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எங்க கடைக்கு வர்றதா ஊரே பேசுச்சு. இந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா இல்லன்னு மறுக்கவும் மனசு வரல. வந்தா நல்லாத்தான இருக்கும்னு நெனச்சேன்." கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கார்த்திக் அண்ணன் பந்தலுக்கு வெளியே போய் நின்று அழுதார்.

வந்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பற்றி நல்லதையே சொன்னார்கள். பொறுமைசாலி என்றார்கள், குணவதி என்றார்கள், அதிர்ந்து பேசமாட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வளவு பேர் ஒரே பக்கம் இருந்ததை நான் அவர் முன்னால் பார்த்ததேயில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பெண்களோடு நின்று பார்த்தேன்.

அங்கே பேசாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அக்கா, நேற்று சாயங்காலம் உங்கள் இத்தாலிக் கட்சியின் ஆட்டம் ஒன்றை முழுக்கப் பார்த்தேன். முதல் பாதியில் ஒரு கோல். பிறகு ஆட்டம் முடியும்வரை எல்லோரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பாதியில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், நான் எழவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஆட்டம் நன்றாக இல்லை அக்கா. இரண்டாம் பாதியில் எதிரணிக் கோலை நோக்கி ஒரு தரம்கூடப் போகவில்லை. அது காப்பாற்றுவது இல்லை, பயம். ஓடுகிறவனுக்குத்தான் பயம் என்று நீங்கள் சொன்னது தப்பு. நிற்கிறவனுக்கும் பயம் உண்டு, நேற்று பார்த்தேன். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?