நான் விட்டுவிட்ட நாலாவது பாடம்

திருமுழுக்குப் பெற விரும்பும் பெரியவர்களுக்கு, சனிக்கிழமை காலைகளில் எங்கள் கோயில் கூடத்தில் தமிழில் வகுப்பு நடக்கும். செபங்களையும் கட்டளைகளையும் ஃபாதர் சொல்லிக்கொடுப்பார். திருச்சபையின் வரலாறு என் பொறுப்பு. பேதுரு, பவுல், வேதத்துக்காக உயிர்விட்டவர்கள், மனம் மாறிய உரோமைப் பேரரசன், ஜெர்மனியில் ஒரு துறவி எழுப்பிய கேள்விகளால் திருச்சபை உடைந்தது, கடைசியில் கப்பலேறி அது பினாங்குக்கு வந்தது என்று பத்துப் பாடங்கள். தலைப்புகளை ஒரு தாளில் அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிடுவேன். வாரநாட்களில் வக்கீல் ஆபீசில் கடிதம் தட்டச்சு செய்கிற எனக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் பெருமையாக இருக்கும்.

ஒரு வருடம் ஐந்து பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி சுங்கை பினாங்கில் இருக்கும் ஏழைகளின் மலிவு அடுக்குமாடியிலிருந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மதியம் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் கம்பெனியின் பச்சைச் சட்டையோடே வகுப்புக்கு வருவாள். அவளைப்போல் கேள்வி கேட்டவர்கள் யாரும் இல்லை. பேதுரு மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்று சொன்ன கதையை நான் சொல்லி முடித்ததும் கையைத் தூக்கினாள்.

"அவரையா டீச்சர் தலைவரா வெச்சாங்க? மத்தவங்க மூஞ்சியில முழிக்க அவருக்குக் கூச்சமா இருந்திருக்காதா?"

நல்ல கேள்வி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாவது வாரம், திருமுழுக்கில் தனக்கு ஞானத்தாயாக நிற்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மகிழ்ச்சியோடு சரி என்றேன். நானும் சுங்கை பினாங்கில் பிறந்தவள்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஆங்கிலப் பூசைக்கு மாறி, அங்கே பாடற்குழுவிலும் சேர்ந்திருந்தேன். டாக்டர் மனைவி, கல்லூரி விரிவுரையாளர் என்று அங்கே பழகிய பெண்கள் என்னையும் தங்களைப்போல் வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும், "வாங்க டீச்சர், தே தாரிக் குடிக்கலாம்" என்று கூப்பிட்டாள். சூலியா தெருவில் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ரொட்டி வந்ததும் அவள் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். "எனக்கு இது பெரிசு. நீங்க சாப்பிடுங்க." சாப்பிட்டேன். மகன் ஒழுங்காக வேலைக்குப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது பாடற்குழுப் பெண்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். டாக்டர் மனைவி என்னைப் பார்த்ததும் கையசைத்து எங்கள் மேசைக்கே வந்துவிட்டாள். பச்சைச் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க ஃப்ரெண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்ல லா. இடம் இல்ல, ஷேர் டேபிள்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கடையில் ஐந்தாறு மேசைகள் காலியாகக் கிடந்தன. டாக்டர் மனைவி அதையெல்லாம் கவனிக்கவில்லை. "அப்ப எங்ககூட வாங்க" என்றாள். நான் டீக் கிளாசை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எதிரே இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் புரியாது என்று அந்த நேரத்தில் மனம் ஒரு சாக்குத் தேடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஆங்கிலம் கேட்பவளுக்கு அந்த இரண்டு சொற்களா புரியாது? இன்னொரு மேசையில் உட்கார்ந்து, பாட்டுப் பயிற்சியைப் பற்றி அவர்கள் பேசியதற்கெல்லாம் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள். என் தட்டில் மிச்சம் வைத்த ரொட்டி அங்கேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நாலாவது பாடம். தலைப்பு அந்தியோக்கியா. பாடத்தைத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. அந்த ஊரில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, அதை ஒப்பாத யூதர்கள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பும் அவரைக் கண்டித்தார். இந்த விசுவாசம் ஒரு இனத்துக்கா, எல்லோருக்குமா என்ற பெரிய வழக்கில் அது ஒரு திருப்பம். எத்தனையோ வருடம் நான் ஆசையாகச் சொன்ன பாடம்.

அதை விட்டுவிட்டேன். நேராகப் பேரரசனின் கதைக்குப் போய்விட்டேன். பாதியில் அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"டீச்சர், நாலாவத விட்டுட்டீங்க. அந்தியோக்கியா."

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறந்துவிட்டேன் என்று அங்கேயும் ஒரு பொய் சொன்னேன். பிறகு அந்தக் கதையைப் பலகையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"அவரு எந்திரிச்சுப் போன பிறகு, கூட உக்காந்து சாப்பிட்டவங்க என்ன பண்ணாங்க டீச்சர்?"

"அத யாரும் எழுதி வைக்கலம்மா."

சிம்பாங் அம்பாட்டிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், "சாப்பாட்ட முடிச்சிருப்பாங்க லா, வேற என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு வகுப்பைக்கூட அவள் தவறவிடவில்லை. திருமுழுக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"பக்கத்து வீட்டு அக்காவ ஞானத்தாயா வெச்சுக்கிறேன் டீச்சர். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் நானே சொல்லணும்னு நெனச்சேன்."

"அன்னைக்குக் கடையில நான்..." என்று தொடங்கினேன்.

"வேணாம் டீச்சர். நீங்க சொன்னா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்கு அது இன்னும் வரல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நாற்காலிகளை மடக்கி அடுக்க எனக்கு உதவிவிட்டு வேலைக்குப் போனாள்.

தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் பொதுவாக நடந்த திருமுழுக்குப் பூசையில் பக்கத்து வீட்டு அக்கா அவள் தோளில் கைவைத்து நின்றார். நான் பாடற்குழுவில் நின்று பாடினேன். டாக்டர் மனைவி என் காதருகே குனிந்து, "இந்த முகத்த எங்கயோ பார்த்திருக்கேன்" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன்.

இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். அந்தியோக்கியாவை விடுவதில்லை. பேதுரு எழுந்து போகும் இடம் வரும்போதெல்லாம், நானும் அப்படிச் செய்தவள் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குப் பதிலாக இருமத் தொடங்கிவிடுவேன். யாராவது எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதுவரை சொன்னதில்லை.