சிஸ்டர் வீட்டு மெயின் சுவிட்ச்

“ஃபேன் ஆஃப். லைட் ஆஃப். ஃபிரிட்ஜ் ஆஃப்.”

தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் ஜெயபுஷ்பம் சிஸ்டர் இப்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் கிளம்புவார். கடைசியாக வாசல் கதவை ஒட்டியிருக்கும் மெயின் சுவிட்சுக்குக் கை போகும். அந்த நொடியில் எங்கள் தெரு டிவிகளில் பாதி வசனத்தோடு படம் போய்விடும். “சிஸ்டர் வெளிய கிளம்பிட்டாங்க” என்று யாராவது அலுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் அவர் வீட்டு வராந்தாவில் இருக்கும் ஒரு தகரப் பெட்டியால் வந்தது. ராணிப்பேட்டையில் கேபிள்காரர்களின் கன்ட்ரோல் ரூம் மாடியில் பெரிய டிஷ்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை பிடித்துத் தரும் சேனல்கள் முடி கனமுள்ள கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடிவந்து இந்தப் பெட்டியில் இறங்குகின்றன. பெட்டி அந்த வெளிச்சத்தை மறுபடி மின்சாரமாக்கி, தெம்பூட்டி, கறுப்பு ஒயரில் வீட்டுக்கு வீடு அனுப்புகிறது. அதற்குக் கரண்ட் வேண்டுமே? அதைத் தருவது சிஸ்டர். பதிலுக்கு அவருக்குக் கேபிள் இலவசம்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். தனிக்கட்டை. நைட் டியூட்டி பழக்கத்தில் இன்றும் டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார். வசனமே கேட்காமல், சீரியலில் அடுத்து யாருக்கு நெஞ்சுவலி வரும் என்று சொல்லிவிடுவார். பெட்டியையும் ஒரு பேஷன்ட்டாகத்தான் பாவிக்கிறார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார், புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். கேபிள்காரர் டைட்டஸ் வந்தால் ரிப்போர்ட் தயாராக இருக்கும்: “காலைலேர்ந்து பச்சை லைட்டு அடிக்கடி கண்ணு சிமிட்டுது டைட்டஸு. சூடும் கொஞ்சம் ஜாஸ்தி.”

“அந்த ஒரு சுவிட்சை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்” என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை. “நான் இன்னாபா பண்றது? தீக்காய வார்டுல வேலை பாத்த கை. சும்மா இருக்க மாட்டேங்குது” என்பார். கிரிக்கெட் ஃபைனலன்று சத்தியமே செய்தார். சத்தியம் செய்த கையே, ஜெபக்கூட்டத்துக்குப் புறப்படும்போது, கடைசி ஓவரில் மெயினை இறக்கியது. அன்று தெருவே வாசலுக்கு வந்து நின்றதை மறக்க முடியாது. ஆனாலும் யாரும் முகத்தைக் கடுமையாக்கவில்லை. எல்லோருக்கும் பிரஷர் பார்த்து, ஊசி போட்டுவிடுகிறவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

போன மாதம் நிலைமை முற்றியது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் எதிர்வீட்டுச் சுந்தரி, சென்னைக்குப் போய் ஒரு டிவி விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டு வந்திருந்தாள். ஜெயித்தாளா தோற்றாளா என்று எப்படிக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. “கையெழுத்து வாங்கிட்டாங்க, சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போடுவாங்க, பாத்துக்கங்க.” கம்பெனியில் அவள் வரிசையில் உட்காரும் பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்துவிட்டாள். அதே ஞாயிறு சாயந்தரம்தான் கலவை ஊரில் சிஸ்டருடைய தம்பி மகளுக்கு ரிசப்ஷன். மறுநாள் கல்யாணம். சிஸ்டர் இரவு தங்கியாக வேண்டும்.

“பெட்டிய அப்துல் வஹீத் பாய் வீட்டுக்கு மாத்திடறேன், அவர்கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு” என்றார் டைட்டஸ்.

“ஏன், என் வீட்டுக் கரண்ட்டு கசக்குதா?” என்று சிஸ்டர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வஹீத் பாயும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: “வேணாம்பா, நமக்கு எதுக்கு பேஜாரு. எனக்கு சுகர் ஊசி போட்றதே அவங்கதான்.”

சுந்தரி மட்டும் சிஸ்டரிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுக்க அவள் முகம் வாடியே இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிறு மதியம் ஆட்டோ வந்தது. தெருப் பெண்கள் பெருக்கிய வாசலையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பையைத் தூக்க நானும் சுந்தரியும் உள்ளே போனோம். ஃபேன் ஆஃப். லைட் ஆஃப். ஃபிரிட்ஜ் ஆஃப். சிஸ்டர் கதவருகே வந்தார். கை தானாக மேலே எழுந்தது. சுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கை பாதியில் நின்றது. சிஸ்டர் கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். பல்லால் கிழித்து, மெயின் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஊசி போட்ட இடத்தை அழுத்துவதுபோல் கட்டைவிரலால் அழுத்தினார். “இனிமே கை போனாலும் இது தடுத்துடும்” என்றார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் கதவைப் பூட்டி ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது: தெருவில் இந்த நிகழ்ச்சியைப் பார்க்காமல் போகப்போகிற ஒரே ஆள் இவர்தான். சுந்தரிக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஓடிப்போய் ஆட்டோவுக்குள் குனிந்து, அவர் காதில் ஏதோ சொன்னாள்.

பெருக்கிக்கொண்டிருந்த தெரு முழுவதும் நிமிர்ந்து, ஜெயித்தாளா தோற்றாளா என்று சிஸ்டரின் முகத்தைப் பார்த்தது. அவர் புடவைத் தலைப்பை இழுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் சீக்கிரம் போகும்படி கையைக் காட்டினார்.