டைமிங் செயினை மாட்டியது யார்

எண்பதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. என் கணவரின் அண்ணன் ஓட்டிச் சலித்துப்போய் எங்களிடம் தள்ளிவிட்ட வண்டி. பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருந்தோம். சேலத்துக்குப் போய்வர அது வேண்டியிருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜினின் முன்பக்கம் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது.

தர்மபுரியில் ஒரு பட்டறையில் விட்டோம். இன்ஜின் முன்பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றி ஓடும் டைமிங் செயின் தொய்ந்துவிட்டது என்றார் பட்டறைக்காரர். ஒரு வாரம் வைத்திருந்தார். புதுச் செயின் போட்டாயிற்று என்று காசை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார். சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டது நான். அவர் பதில் சொன்னது என் கணவருக்கு.

"புதுச் செயின் கொஞ்ச நாளைக்குப் பேசுமுங்க. அப்புறம் தானா அடங்கிரும்."

ஒரு மாதம் ஆகியும் அடங்கவில்லை. இதற்குள் என் கணவர் கடைப்படியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் தையல் மெஷினையும் கிணற்று மோட்டாரையும் பிரித்து மாட்டுகிறவள் நான்தான். நாமே திறந்து பார்க்கலாம் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியேட்டரை இறக்கினேன். விசிறியையும் அதன் பெல்ட்டையும் கழற்றினேன். செயினை மூடியிருந்த தகட்டின் போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையிலும் எண்ணெயும் புழுதியும் தார் மாதிரி இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. தகட்டைக் கழற்றினால் உள்ளே அதே பழைய செயின், கட்டைவிரலால் அழுத்தினால் தொளதொளவென்று உள்ளே போனது. அந்த மனுஷர் செய்ததெல்லாம் இன்ஜினின் மேற்புறத்தை மண்ணெண்ணெயால் துடைத்ததுதான். ஏமாற்றியதைக்கூட விடலாம். ஒரு மாதமாக எங்கள் காதையே நாங்கள் சந்தேகப்படும்படி செய்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் சேலம் போய்ப் புதுச் செயின் வாங்கி வந்தேன். இரண்டு பல்சக்கரங்களிலும் ஒரு புள்ளி உண்டு. இரண்டு புள்ளியும் எதிரெதிரே பார்க்கும்படி வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு பல் தப்பினாலும் வண்டி சரியாக ஓடாது. மூன்று முறை கழற்றி மாட்டினேன். என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடதுகையால் டார்ச் பிடித்தார். ஸ்டார்ட் செய்தபோது கடகடப்பு போயிருந்தது.

அடுத்த நாளே நானே வண்டியை ஓட்டிக்கொண்டு அவரோடு பட்டறைக்குப் போனேன். பழைய செயினை மேசையில் வைத்தேன். பட்டறைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. யாருங்க மாட்டுனது?" என்று என் கணவரைக் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் என் கணவர், மாவுக்கட்டுப் போட்ட கையோடு.

"நான் மாட்டுனதுங்க. இவரு டார்ச் புடிச்சாரு" என்றேன்.

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டறைக்காரர் உள்ளே போய்விட்டார். காசும் திரும்பவில்லை, ஒரு வார்த்தை மன்னிப்பும் வரவில்லை.

ஊர் நெருங்கும்போது என் கணவர், "அத்தனை பேரு முன்னால சொல்லணுமா?" என்றார்.

"அத்தனை பேரு முன்னாலதான நீங்களும் சொன்னீங்க" என்றேன்.

பட்டறைக்காரர் மேல் இருந்த கோபம் சில மாதங்களில் ஆறிவிட்டது. இவர் மேல் இருந்தது அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை.