தாமஸ் முத்துவும் ஒரு சிவப்புக் கட்டமும்

இங்கிலாந்துக் கிராமங்களில் இருநூறு, முந்நூறு வருஷங்களுக்கு முன் யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யார் எப்போது செத்தார் என்பதைத் திருவொற்றியூரில் ஒரு மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் தொழில். அதற்கு முன் முப்பது வருஷம் ஒரு பத்திரிகையில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொண்டேன். பகுதியை மூடினார்கள், அடுத்த வருஷம் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். புரியாத கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. குழந்தைகளின் கடிதங்களையே படித்துக் கிழித்தவனுக்கு அது என்ன பிரமாதம் என்று போனேன். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும் என் சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

எந்தப் பங்கு?

ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர் மொத்தமும் ஒரு பங்கு; நான் ஏற்றுவது அந்தப் பங்குகளின் ஏடுகளை. எங்கள் ராயபுரத்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். "பங்கு வேலை பார்க்கிறேன்" என்று நான் சொன்னதும் தெருமுனை டீக்கடைக்காரருக்கு ஷேர் மார்க்கெட் பங்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாரம் எனக்கு மட்டும் ஸ்ட்ராங் டீ, உட்கார ஸ்டூல். காலையில் எனக்காக ஒருவர் காத்திருப்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டார். "ஏறுற பங்கு எழுதுறேன்னு நெனச்சேன் நைனா, நீ செத்தவன் பேரு எழுதிகினு கீற!"

வந்ததும் நீ

வேலையில் சேர்ந்த அன்று கம்ப்யூட்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: பெயர், உறவு, போன் நம்பர்." எனக்கு அங்கே போட ஆள் இல்லை. காலியாக விட்டேன், கட்டம் சிவந்தது. படிவம் முடியாமல் அடையாள அட்டை கிடையாது. "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் சார், அப்புறம் உள்ள விட முடியாது" என்றார் மேலாளர். ஒரு நாளில் யாராவது என்னிடம் நாலு வார்த்தை பேசுவது அந்த மாடியில்தான். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அட்டை இல்லாததால் தினமும் வாசலில், வருகிறவர்கள் எழுதும் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். வந்தவர் பெயர், யாரைப் பார்க்க வந்தார். வேறு யாரைப் போடுவது என்று தெரியாமல் இரண்டிலும் என் பெயரையே எழுதினேன். வாட்ச்மேன் ஏழுமலை நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வந்ததும் நீ, பாக்க வந்ததும் நீ. ஆளு உள்ள கீறாரா சார்?"

வாத்துக்கு அபராதம்

தேவாலயத்து ஏடுகள் தவிர, பண்ணையார்களின் பஞ்சாயத்து ஏடுகளும் எங்களிடம் வரும். ஒன்றில், ஊர் குடிக்கும் ஓடையில் வாத்துகளை இறங்கவிட்டுத் தண்ணீரைக் கலக்கியதற்காக ஒரு விதவைக்கு அபராதம் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலையிடம் சொன்னேன். அவருக்கு எண்ணூரில், ஆலைக் கழிவு விழும் ஆற்றோரக் குப்பம். அண்ணன் தம்பிகள் இன்னும் வலை போடுகிறார்கள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "வாத்து கலக்குனதுக்கே ஃபைனா? எங்க ஆத்தக் கலக்குனவன அந்தப் பண்ணையாராண்ட இட்டுகினு போ சார்."

டபிள்யூ. ஜான்

நாங்கள் ஏற்றுவதைச் சரிபார்ப்பவர் நூர்ஜஹான், வண்ணாரப்பேட்டைக்காரர். வில்லியம் ஹால் என்பவரின் மகன் ஜான் என்று ஏட்டில் இருந்ததை நான் பழக்கதோஷத்தில் 'டபிள்யூ. ஜான்' என்று ஏற்றியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க அப்படியே. அப்பன் பெயரின் முதல் எழுத்து எல்லாப் பிள்ளைக்கும் முன்னால் நின்றது. நூர்ஜஹான் என் மேஜைக்கு வந்தார். "ஒரு ஊரையே ரேஷன் கார்டுல ஏத்திட்டியே சார்!"

பெயரில்லாதவர்

அடுத்த தப்பு பெரியது. சாவுப் பதிவேட்டில் ஒரு வரி: "சாலையோரம் இறந்து கிடந்த அந்நியர்." அவ்வளவுதான். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன், சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிறுவர் பகுதிக்குப் பெயர் எழுதாமல் புதிர் விடை அனுப்பும் பிள்ளைக்கு நானே 'முத்து' என்று பெயர் வைத்து அச்சிடுவேன். எந்தப் பிள்ளையும் கோபித்ததில்லை. இவருக்குத் தாமஸ் என்று வைத்தேன். குடும்பப் பெயர்க் கட்டமும் சிவந்தது. முத்து என்று போட்டேன். கட்டம் வெளுத்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

நூர்ஜஹான் முதலில் சிரித்தார். "இன்னா சார், இங்கிலாந்துல முத்துன்னு ஒருத்தரு படுத்துகினு கீறாரு?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெயர் இல்லாதவருக்கு 'தெரியாது' என்று ஆங்கிலத்தில் போடுவதுதான் விதி என்று காட்டித் திருத்தினார். "பொய்ப் பேரு போடாத சார். நாளைக்கு எவனாச்சும் முப்பாட்டனத் தேடிகினு வந்து நின்னா இன்னா பதில் சொல்லுவ?"

கட்டம் வெளுத்தது

மாசக் கடைசி வந்தது. என் படிவத்தைத் திறந்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில், கற்றுக்கொண்டபடி, 'தெரியாது' என்று ஆங்கிலத்தில் போட்டேன். பெயர்க் கட்டம் ஏற்றுக்கொண்டது. போன் நம்பர் கட்டம் சிவப்பாகவே நின்றது. மேஜை மேலிருந்த என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வைத்தேன்.

பின்னால் நின்று நூர்ஜஹான் எவ்வளவு நேரம் படித்தாரோ, தெரியாது. "நகரு சார்" என்றார். நான் போட்டதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார், தன் நம்பரை அடித்தார். உறவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் மேலும் கீழும் போய், ஒன்றைத் தட்டிவிட்டு எழுந்தார். "தப்பு பாக்குறவங்கன்னு லிஸ்டுல இல்ல சார், தங்கச்சின்னு போட்டுட்டேன்."

கண்ணில் படும் தவறான பதிவு எதையும் உடனே மேலாளருக்குச் சொல்லவேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.