அடைப்பு விழுந்த வீடு

பிள்ளைகளா, மடவார் வளாகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் வரிசையாக வாடகை அறைகள் உள்ள ஒரு வளவைப் பார்த்து அப்பா ஏன் காறித் துப்புகிறார் என்று கேட்டீர்கள். எழுதிவிடுகிறேன். கடைசியில் மன்னித்துவிட்டேன் என்று முடிப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் படுக்கை வசதி இல்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. ராஜபாளையத்து மில்லில் வேலை போன ஒருத்தர், சொந்தபந்தம் இல்லாதவர், அந்த வளவின் கடைசி அறையில் வாடகைக்கு இருந்தார். சர்க்கரை வியாதி, உள்ளங்காலில் புண். ஊதா மருந்து தடவிக் கட்டுவேன். ஆறிக்கொண்டுதான் வந்தது. அதற்குள் வீட்டுக்காரர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே செத்து, அன்றைக்கு அவிட்டம் மாதிரி நட்சத்திரமாக இருந்துவிட்டால் அடைப்பு, ஆறு மாசம் வீட்டைப் பூட்டிப் போடணுமே என்ற பயம்.

அவர் பஸ் ஸ்டாண்டில் படுத்தார். நான் போட்ட கட்டு மறுநாள் சேறும் ஈரமுமாகத் திரும்பி வரும். எங்கள் டாக்டரம்மா ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். "இதுக்கு மருந்து என்கிட்ட இல்லப்பா. கதவு வச்ச ஒரு ரூம்தான் மருந்து."

ராஜபாளையத்து டாக்டர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனார்கள், சத்திரத்துக்குப் போனார்கள். ரோட்டில் கிடக்கிற நோயாளிகளுக்கு நாலு அறையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கேட்டார்கள். எல்லாரும் "பார்ப்போம்" என்றார்கள். கடைசியில் வீட்டுக்காரரிடமே போனோம்.

"உள்ள இருந்தா பொழைச்சுக்கிடுவாரு. வெளிய கெடந்தாத்தான் சாவாரு" என்றார்கள் டாக்டரம்மா.

"ஊசி போடுறது ஒங்க வேலை, வீடு விடுறது என் வேலை. அம்புட்டு இரக்கம்னா ஒங்க வீட்ல வச்சுக்கிடுங்க" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ எதுக்கு வார? செத்தா தூக்கவா?"

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் விரட்டினார்கள். அவருக்குத் தெரிந்த கூரை ஒன்றுதான். பூட்டிக் கிடந்த பழைய அறையின் வாசப்படியில் வந்து சுருண்டவர், விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்தார்கள். அவிட்டம்.

"அது வாசல்தான, வீடு இல்லியே" என்று வீட்டுக்காரர் தவித்தார்.

எதிர்வீட்டுப் பூக்காரம்மா விடவில்லை. "போன மாசம் அந்தப் படியில என் ஆட்டைக் கட்டுனப்ப 'என் வீடு, என் வீடு'ன்னு தெருவே கேக்க நீருதான கத்துனீரு? இப்ப யாரு வீடுவே அது?"

அடைப்பு விழுந்தது.

டாக்டரம்மா மாற்றலாகிப் போகும்வரை அந்த நாலு அறையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவிய வழி அது. என் வழி வேறு. கட்டுப் போட வருகிறவர்களில் வீடு தேடுகிறவர் யாரானாலும் சொல்லி வைத்தேன்: "அந்த வீடா? அடைப்பு விழுந்த வீடு." ஆறு மாசம் முடிந்த பொறவும் சொன்னேன். யாரும் குடிவரவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

வீட்டுக்காரர் படி வரைக்கும் சுண்ணாம்பு அடித்து, வாடகைக்கு என்று பலகை மாட்டினார். ஒரு மத்தியானம், தெரு உறங்கும்போது தனியாகப் போனேன். மடியில் ஊதா மருந்துப் புட்டி. தினமும் என் தொடைமேல் தூக்கி வைத்த காலாயிற்றே, அளவு மறக்குமா? அந்த வெள்ளைப் படியில் ஒரு உள்ளங்காலை வரைந்தேன், புண் இருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு. காயும்வரை செத்த நேரம் நின்றேன்.