பத்ருன்னிசாவும் வலிக்காத அமிலமும்

“கைய எடுக்காதீங்க சாரே. தண்ணிக்கு அடியிலயே இருக்கட்டும்.”

என் வலது மணிக்கட்டைப் பத்ருன்னிசா பிடித்திருந்தார். ஆய்வகத்தில் குடுவை கழுவுபவர். நான் வேதியியலாளர், பாதுகாப்பு அலுவலரும்கூட. சட்டைப்பையில் அதற்கான அட்டை குத்தியிருந்தது.

“ஒண்ணுமில்ல இத்தா. வலிக்கவே இல்லை.”

“நேரம் கழிச்சுத்தான் வலிக்கும், அதுக்குள்ள எலும்புக்குப் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன். மட்டாஞ்சேரியில் மசாலாப் பொருள்களைச் சோதிக்கிற ஆய்வகம் எங்களுடையது. மஞ்சள்தூளில் ஈயம் பார்க்கும்போது, அதோடு வரும் மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியைத் தின்னும், தோலில் பட்டால் முதலில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அன்று காலை கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றியபோது ஆள்காட்டி விரல் நுனி ஈரமாக இருந்தது. கையுறையில் ஊசிமுனை ஓட்டை. பத்ருன்னிசா கையுறை போடும் முன் அதில் காற்றை அடைத்து, அதன் வாயை முறுக்கி, ஓட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். பலூன் விளையாட்டு என்று கேலி செய்தவன் நான்.

அவர் கொச்சங்காடியில் பிறந்தவர். அங்கேயே ஒரு கிடங்கில் பன்னிரண்டு வருடம் சுக்கு பொறுக்கினார். தூசியில் இருமல் நிற்காமல் போனதும் இங்கே வந்தார். வீட்டில் பேசுவது தமிழ். படித்தது மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது. இது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆங்கில எச்சரிக்கைத் தாளை யாரும் படிப்பதில்லை என்பதால் அதைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். பதினோரு வாக்கியங்கள். நான்கு முறை திருத்தினேன். பத்ருன்னிசா அதன் முன்னால் நின்று, “ஒருக்கா வாசிங்க சாரே” என்றார். வாசித்தேன். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். என் நடை அவரைக் கவர்ந்துவிட்டதாக வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

இப்போது அந்த வாக்கியங்களை அவர் வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீர். பிறகு கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. தேய்ப்பவரும் கையுறை போட வேண்டும். உடனே மருத்துவமனை. எனக்குத் தண்ணீருக்கு மேல் எதுவும் நினைவில் இல்லை.

“களிம்பு எங்க சாரே?”

கண்ணாடிப் பெட்டிக்குள். யாரும் பிரித்துவிடாமல் புத்தம்புதிதாகத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் பூட்டினேன். சாவி சுள்ளிக்கல்லில் என் வீட்டில், நேற்றைய பேண்ட்டில்.

“நாளைக்கு ஆடிட் இருக்கு இத்தா. வீட்டுக்கு ஆள் அனுப்பி சாவிய எடுத்துக்கலாம்.”

“விரல் வேணுமா, ஆடிட் வேணுமா?”

நான் யோசித்தேன். இரண்டு விநாடி இருக்கும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குடுவைகளை நிறுத்தும் இரும்புத் தாங்கியை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். புதிய கையுறையில் காற்றடைத்து, அமுக்கிப் பார்த்துப் போட்டுக்கொண்டார். களிம்பை விரலில் அப்பித் தேய்க்க ஆரம்பித்தார்.

ஆட்டோவிலும் தேய்த்துக்கொண்டே வந்தார். டாக்டரிடம் காட்ட அமிலத்தின் தாள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தார். என் தாளோ என்று பார்த்தேன். ஆங்கிலத் தாள்.

“டாக்டருக்கு உங்க தமிழ் எதுக்கு சாரே” என்றார்.

தோப்பும்படி பாலத்தில் வலி தொடங்கியது. விரலுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல. பாதுகாப்பு அலுவலர் என்பதை மறந்து கத்தினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“பிரசவம் இல்ல சேட்டா, ஆசிட்டு” என்றார் பத்ருன்னிசா. “வண்டிய நிறுத்தாதீங்க.”

எர்ணாகுளத்தில் விரலைச் சுற்றிக் கால்சியம் ஊசி போட்டார்கள். இதயத் துடிப்பை மாலைவரை கவனித்தார்கள். களிம்பு போடாமல் வந்திருந்தால் நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். யார் போட்டது என்று கேட்டார். கையுறையோடு நின்றவரைக் காட்டினேன். “நர்ஸா?” என்றார்.

“குடுவை கழுவறேன்” என்றார் பத்ருன்னிசா.

மறுநாள் பத்து மணிக்குத் தணிக்கையாளர் வந்தார். பூட்டிவைத்ததை ஒரு குறையாகவும் கையுறையைச் சோதிக்காததை இன்னொரு குறையாகவும் எழுதினார். உடைத்ததைப் பற்றி எழுதவில்லை. பத்ருன்னிசா மலையாளத்தில் ஒரு தாள் எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டினார். ஆறு வாக்கியங்கள். விபத்து அறிக்கையை இடது கையால் எழுதி முடிக்க மதியம் ஆனது. கட்டுக்கு வெளியே தெரிந்த நகம் கறுத்திருந்தது. நான்கு மணிக்குக் கட்டு மாற்றப் போனேன்.