நூல் கட்டிய குழாய்கள்

இன்று காலை புல் வெட்டும் மெசின் அடம்பிடித்தது. அதன் காபரேட்டரைக் கழற்றி ஊதினேன். கைக்குள் அடங்கும் சின்னச் சாமான்தான். ஆனால் விரலில் ஏறிய பெற்றோல் வாசம் என்னை நேரே மருதமுனைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டது.

அங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. சிரிக்காதீர்கள். பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற, ஓரளவு மரியாதையுள்ள மனிதன்தான் நான். மச்சான் யப்பானிலிருந்து இறக்கி, கட்டாருக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்ட பழைய கார் அது. முன்விளக்குகள் தவளைக் கண்போல மேலெழும்பும். இஞ்சினில் பிஸ்டன் கிடையாது; ஒரு முக்கோணம் சுழலும். என் மனைவி அதற்குள் ஏறுவதற்குத் தன்னை மூன்றாக மடிக்க வேண்டும்.

அது பெற்றோலைக் குடித்துக் குடித்து இருமத் தொடங்கியபோது, கல்முனையில் ஒருவரும் அதைத் தொடவில்லை. சவளக்கடையில் உழவு மெசின் திருத்தும் தேவராசன்தான் துணிந்து வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பொனட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் நின்றான்.

“பிஸ்டனே இல்லாத சாமான் சேர். இதுக்கு எங்க நோகுது எண்டு நான் எப்பிடிக் கேக்கிற?”

நோவு காபரேட்டரில் என்று கடைசியில் கண்டுபிடித்தான். அதைச் சுற்றிக் குடல்போல இறப்பர் குழாய்கள். கழற்றும்போது மாறிப்போகாமல், குழாய்க்கும் அது பொருந்தும் வாய்க்கும் ஒரே நிற நூலைக் கட்டுவானாம். என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஐந்து நிற நூல் வாங்கிக் காருக்குள் வைத்தான். ஞாயிறு விடிய வருவதாகச் சொல்லிப் போனான்.

இனி சொல்லப்போவதைப் பல காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை நாங்கள் சம்மாந்துறைக்குக் கலியாண வீட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்குவது எனக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டில் தேவராசன் வேலை செய்ய மாட்டான் என்பதும் தெரியும். அதனால் அவனிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கார் திருந்தி நிற்க வேண்டும். அதுதான் என் ஆசை. கார்ச் சாவியை, அவனுக்குக் காட்டியிருந்த பூச்சட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

அந்த ஞாயிறுதான் கடல் வந்தது.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. கார் ஒரு தென்னையில் சாய்ந்து பொனட் திறந்து கிடந்தது. பத்தடி தூரத்தில் நின்றேன். அலை பொனட்டைத் திறக்கும். குழாய்களில் நூல் கட்டாது. சிவப்பு, பச்சை, மஞ்சள். அவன் வந்திருக்கிறான். அதற்கு மேல் கிட்டப் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவன் வீட்டில் போய்க் கேட்டேனா? இல்லை. “நிலைமை சரியில்லை, சோதனைச்சாவடி” என்று மனைவிக்குச் சொன்னேன். ஆனால் அவன் ஊருக்குப் போகிற அதே கிட்டங்கித் தாம்போதியை, ஆற்றுக்குக் குறுக்கே போகும் அந்தத் தாழ்பாலத்தை, வயலுக்காக எத்தனையோ தடவை கடந்தேன். அவன் பெண்சாதியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். நாலரை வருடம் பெற்றோல் மணம் வந்தாலே கை கழுவச் சவுக்காரத்தைத் தேடினேன்.

சண்டை முடிந்த கிழமை மனைவி கேட்டாள்: “நிலைமையும் சரியாகிட்டு. இனி எத்தச் சாட்டாச் சொல்லப் போறீங்க?”

போனேன். கொட்டிலில் உழவு மெசினுக்கு முன்னால் குந்தியிருந்த மனிதன் நிமிர்ந்தான். தேவராசன்.

“சேர் மவுத்து, கடல் கொண்டுபோயிட்டு எண்டெல்லோ சொன்னாங்க” என்றான். “விடியக் காபரேட்டரக் கழட்டி இஞ்ச கொண்டுவந்து கழுவிக்கிருந்தன். நீங்க படுக்கிறீங்க எண்டு கூப்பிடவும் இல்ல. மறுகா கடல் வந்திட்டு எண்டாங்க. நீங்க ஏறி ஓட வேண்டிய காருட காபரேட்டர் என்ட கையில சேர்.”

பத்தடி நடந்து எட்டிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும், காபரேட்டர் அங்கே இல்லை என்று. ‘உற்று நோக்குங்கள்’ என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான். அவன் தோள் குலுங்கச் சிரித்தான், கண்ணையும் துடைத்தான்.

“அப்ப ஆளில்லாத வீட்டுக்கா சேர் நான் இவ்வளவு காலமும் அழுத?”

உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்தான். காபரேட்டர். மிதவை மாற்றி, ஊசி மாற்றி, புதிதுபோல. ஒவ்வொரு வாயிலும் அதே நூல்கள். பூட்டுவதற்குக் கார் இல்லை; எப்போதோ பழைய இரும்புக்காரன் வெட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது எங்கள் வீடு இருந்த அந்த வளவில் மணல்தான். சாவடிகள் இல்லை. தேவராசனிடம் வரும் டீசல் உழவு மெசின்களுக்குக் காபரேட்டரே கிடையாது. என்னிடமிருந்தும் ஒன்று போய்விட்டது, அந்தச் சவுக்காரத் தேடல். காலையில் பெற்றோல் பட்ட கையை, பகல் சோற்றுக்கு உட்காரும்போதுதான் கழுவினேன்.